சிரிக்க வைக்க 2 கோடியே 80 லட்சம் யூரோ!

2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள். ஸ்பெயின் நாட்டில் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தன. அரசு டெலிவிஷனில் சிரிப்பு நிகழ்ச்சி வரும் நேரம். ஆனால் அன்று திரையில் வந்தவை மான்கள்! காட்டில் அவை கத்திக் கொண்டிருந்தன.

இது எந்திரக் கோளாறு அல்ல. ஒரு நகைச்சுவை நடிகரின் கோபம்!

அவர் பெயர் டேவிட் பிரோன்கானோ.

கிராமத்துப் பிள்ளை

பிரோன்கானோ 1984-ல் பிறந்தார். ஆலிவ் மரங்கள் நிறைந்த ஹாயென் மாகாணத்தில், ஓர்செரா என்ற சிற்றூரில் வளர்ந்தார். மாட்ரிட் நகரில் விளம்பரத் துறைப் படிப்பு படித்தார். பிறகு மேடையில் தனியாக நின்று வேடிக்கையாகப் பேசத் தொடங்கினார்.

2014-ல் இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து ரேடியோவில் சிரிப்பு நிகழ்ச்சி நடத்தினார். அது இளைஞர்களைக் கவர்ந்தது.

2018-ல் கட்டண டெலிவிஷன் ஒன்றில் "எதிர்ப்பு" என்று பொருள்படும் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். வந்த விருந்தாளிகளை எல்லாம், "பாங்கியில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சிலர் தொகையைச் சொன்னார்கள். சிலர் மழுப்பினார்கள். ரசிகர்கள் சிரித்தார்கள்.

அரசு அழைத்தது

ஸ்பெயின் அரசு டெலிவிஷனுக்கு ஒரு குறை. இளைஞர்கள் அதன் பக்கம் திரும்புவதில்லை. எனவே, பிரோன்கானோவை அழைத்து வர ஏற்பாடு நடந்தது. இரண்டு ஆண்டு நிகழ்ச்சிக்குப் பேசிய தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம் யூரோ!

உடனே புயல் கிளம்பியது. 2010 முதல் அந்த டெலிவிஷனில் வணிக விளம்பரம் கிடையாது. பொதுப் பணத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. "மக்கள் பணத்தைச் சிரிப்புக்குக் கொட்டலாமா?" என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. தனியார் டெலிவிஷனில் பாப்லோ மோட்டோஸ் என்பவர் நடத்தும் "எறும்புப் புற்று" நிகழ்ச்சிதான் அப்போது முதலிடத்தில் இருந்தது. அதில் அரசைக் குறை கூறுவது உண்டு. "அதற்குப் போட்டியாகவே அரசு இவரைக் கொண்டு வருகிறது" என்றார்கள்.

தகராறு முற்றியது. 2024 மார்ச் மாதம், அரசு டெலிவிஷனின் தலைவி எலனா சாஞ்செஸ் பதவி இழந்தார். ஏப்ரலில் ஒப்பந்தம் நிறைவேறியது.

மான்கள் வந்த கதை

செப்டம்பரில் "கிளர்ச்சி" என்ற பெயரில் நிகழ்ச்சி தொடங்கியது. முதல் நாள் மோட்டோஸ் வென்றார். பிறகு வெற்றி மாறி மாறி வந்தது.

நவம்பரில் மோட்டார் சைக்கிள் பந்தய உலக சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின், பிரோன்கானோவின் அரங்குக்கு வந்தார். ஆனால் மேடை ஏறாமல் திரும்பி விட்டார். போட்டி நிகழ்ச்சியின் நெருக்குதலே காரணம் என்று பிரோன்கானோ குற்றம் சாட்டினார். அவர் முதலில் தங்களிடம் வர ஒப்புக் கொண்டிருந்தார் என்றது எதிர்த் தரப்பு. அன்று நிகழ்ச்சிக்குப் பதிலாக மான் படம் ஓடியது!

அந்த ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டு மணி அடிக்கும் நிகழ்ச்சியையும் பிரோன்கானோ நடத்தினார். அன்று அரசு டெலிவிஷனே முதலிடம் பெற்றது.

எது சரி?

கொடுத்த பணத்துக்குக் கூட்டம் வந்தது உண்மை. இளைஞர்கள் அரசு டெலிவிஷனைப் பார்த்ததும் உண்மை. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை.

தனியார் நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் விலகி விடலாம். பொதுப் பணத்தில் நடப்பதற்கு, பார்க்காதவரும் பங்கு கொடுக்கிறார். ஆகவே கூட்டம் மட்டும் போதாது. கூலி கொடுக்கும் அரசையும் கேலி செய்யும் துணிவு விதூஷகனுக்கு வேண்டும். அந்தக் கேலியைத் தாங்கும் பொறுமை அரசுக்கு வேண்டும்.

அந்த இரண்டும் இருந்தால், மக்கள் பணம் மக்களுக்கே சிரிப்பாகத் திரும்பும். இல்லாவிட்டால், சிரிப்பது மக்களாக இருக்காது!