கால் சூம்பிய கன்றை விற்காதீர்!

கால் முறிந்த கன்றுக்குக் கட்டு அவிழ்த்ததும் தொடை சூம்பித் தெரியும். இனி தேறாது என்று கருங்கல் சந்தைக்கு ஓட்டிவிடுவது அவசர முடிவு. பாரம் தாங்காத தசை வற்றுவது இயல்பே.

விண்வெளியின் எடையற்ற நிலையை ஆராய, எலிகளின் வாலைத் தூக்கிக் கட்டி, பின்னங்கால்கள் தரையில் படாதவாறு விஞ்ஞானிகள் வைத்தனர். தீனி தின்றும் இரண்டே வாரத்தில் கெண்டைத் தசை வெகுவாக வற்றியது. தசையில் புரதம் உருவாவது குறைந்து, சிதைவது கூடியதே காரணம். மீண்டும் காலூன்றி நடந்ததும் தசை வளர்ந்தது. 1984-ல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா அங்கு யோகாசனம் செய்ததும் இத்தகைய பாதிப்பைத் தடுக்க வழி தேடித்தான்.

ஆகவே புண்ணாக்கைக் கூட்டினால் மட்டும் போதாது. எலும்பு கூடியதைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்தபின், வழுக்காத மண்தரையில் தினமும் சிறிது நேரம் நடத்துங்கள், படிப்படியாகக் கூட்டுங்கள். பொறுத்திருந்தால் கன்று தேறும், நட்டமும் தவிரும்.