மனனம் வேண்டா; விளக்கம் வேண்டும்

பரீட்சை நெருங்கியதும் எம் மாணாக்கர் இரசாயனச் சூத்திரங்களை இரவிரவாக மனனஞ் செய்கின்றனர். பொருள் விளங்காத சூத்திரம், வினா சிறிது மாறினும் கைவிட்டுவிடும். பணம் படைத்தவர் பிள்ளை தனியார் வகுப்பை நாடலாம். கமக்காரன் பிள்ளை எங்கே போவது?

எங்கும் போகவேண்டியதில்லை என்கிறோம். வீட்டு யூரியாப் பையே நல்ல பாடநூல். அதில் நைதரசன் 46 சதவீதம் என்றிருக்கும். அவ்வெண் எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறொன்றிற் காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று, நைதரசன் இரண்டு, ஐதரசன் நான்கு அணுக்கள் உள. திணிவுகள் முறையே 12, 16, 28, 4, கூட்டினால் 60. அறுபதில் இருபத்தெட்டு, நூற்றில் நாற்பத்தாறுக்குச் சற்று மேல். ஆகவே 50 கிலோப் பையில் நைதரசன் 23 கிலோ. அணுத்திணிவும் மூலக்கூற்றுத்திணிவும் இவ்வொரு கணக்கில் அடங்கிவிட்டன. கேத்தலிற் படிந்த வெண்படிவின்மீது தேசிக்காய்ப் புளி விட்டால் குமிழி எழும். அமிலம் காபனேற்றுடன் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது.

தமிழுக்கு இக்கலை புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீனின் முயற்சியால் 1875இலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது.

பொறியியலாளரே, வைத்தியரே, இளைப்பாறிய ஆசிரியரே! வாரத்தில் ஒரு மாலையை உங்கள் ஊர் வாசிகசாலைக்குத் தாருங்கள். கமக்காரப் பெருமக்களே! பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்; வெறும் பையையும் கொடுத்தனுப்புங்கள். விளங்கிப் படித்தவனைப் பரீட்சை அச்சுறுத்தாது.