திருத்திய இடம் தெரியட்டும்

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைக்குப் பிறகு சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் அடுத்த ஏழாண்டுகளில் வயல் வயலாக அளந்து, குடியானவர் பெயரை எழுதி, தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த மண்ணில்தான். இன்று நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் வட்டத்தில் இருக்கும் வெண்ணந்தூர், 1997 வரை சேலம் மாவட்டத்து ஊர். நிலமானாலும் தறியானாலும் இங்கே பிழைப்பு ஏதோ ஓர் ஏட்டில் எழுதப்பட்ட வரியை நம்பியே நடந்திருக்கிறது. அந்த ஏடு யார் வீட்டில் இருக்கிறது, அதில் கைவைக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளாகத் தீரவில்லை.

நெடுங்காலம் அது கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவியை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஏடு கிராம நிர்வாக அலுவலரிடம் போனது. அதே காலத்தில்தான், 1979-இல் தொடங்கி 1987 வரை, நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால்தான் ஊரில் புரியும். பரப்பு குறைந்தது, பங்காளி பெயர் ஏறியது, கிரயம் வாங்கியவர் பெயர் விட்டுப்போனது என்று அப்போது கிளம்பிய மனுக்கள் இன்னும் ஓயவில்லை. பின்னாளில் கணினிக்குள் ஏறியதும் அந்தப் பதிவே. பிழையும் சேர்ந்தே ஏறியது. மனுதாரருக்குக் கடைசியில் கை கொடுப்பது, திட்டத்துக்கு முந்தைய பழைய ‘அ’ பதிவேடு. புது ஏடு வந்த நாளில் பழையதை யாராவது தூக்கிப் போட்டிருந்தால், எத்தனையோ குடும்பங்களுக்குப் பேச வாயே இருந்திருக்காது.

இதை இன்று சொல்லக் காரணம், அரசாங்கத்துக்கு மட்டும் உரியதாக இருந்த இந்தச் சிக்கல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதுதான். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த அட்டவணைத் தரவுதளம், டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, 1992-இல் வந்த ஆக்ஸஸ் வழியாகச் சிறு வியாபாரியின் மேசைக்கு இறங்கியது. அப்போது கோப்பு ஒரே பெட்டியில் இருந்தது. கெட்டால் கெட்டது, இருந்தால் இருந்தது. இப்போது அதே கோப்பை கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ போட்டுவிட்டு, எங்கிருந்தும் திறக்கலாம் என்று நிம்மதி கொள்கிறோம்.

வைப்பது வேறு, திருத்துவது வேறு. தறிக்கூடத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: யாருக்கு எத்தனை பாவு போனது, ஊடை நூல் எவ்வளவு, இறக்கிய துணிக்குக் கூலி என்ன, முன்பணத்தில் மீதி எவ்வளவு. உள்ளே ஆயிரம் வரிகள் இருந்தாலும் டிரைவுக்கு அது ஒற்றைக் கோப்பு. திருப்பூரில் இருக்கும் மகன் அதைத் திறந்து ஒருவர் கூலியை மாற்றுகிறான். அதே நேரத்தில் வெண்ணந்தூரில் அப்பா வேறொருவர் முன்பணத்தைக் கழிக்கிறார். இருவரும் தொட்டது வெவ்வேறு வரி என்பது டிரைவுக்குத் தெரியாது. ஒன்று, பிந்தி ஏறியது முந்தியதை மூடிவிடும். அல்லது இரண்டு பிரதிகள் நின்று, எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும். எழுதி முடியாத நிலையில் கோப்பு மேலே ஏறினால் பிறகு அது திறக்காமலே போகலாம். இதையெல்லாம் தவிர்க்க, வரி வரியாகப் பூட்டித் திருத்தும் தரவுதளம் சர்வரிலேயே இருக்க வேண்டும். சென்னையில் வளர்ந்த ஜோஹோ 2006-இல் கொண்டுவந்த கிரியேட்டர் அந்த வகை.

ஆனால் மோதாமல் திருத்துவது மட்டும் போதாது என்பதே என் கவலை. பழைய பேரேட்டில் தொகை தவறினால் அதன்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுவார்கள். கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரியும். தரவுதளப் பரிமாற்றங்களுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான ஜிம் கிரே, 1981-இல் எழுதிய கட்டுரையில் கணக்கர்களின் இந்த வழக்கத்தையே முன்மாதிரியாகக் காட்டினார்: எழுதியதை மாற்றாதே, பிழையைக் குறித்து ஈடுகட்டும் பதிவை எழுது என்று. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான எளிய செயலிகள் இதை மறந்துவிட்டன. 4,200 இருந்த கட்டத்தில் 2,400 என்று தட்டினால், அடுத்த நொடி எல்லாக் கைபேசிகளிலும் 2,400தான். கூகுள் ஷீட்ஸில் பதிப்பு வரலாறு இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இதில் அதிகம் இழக்கக்கூடியவர் கூலிக்கு நெய்பவர். நோட்டுப் புத்தகக் காலத்தில் அவர் கையிலும் ஒரு சிறு நோட்டு இருந்தது. இரண்டிலும் ஒரே தொகை எழுதப்பட்டது. கணக்கு முதலாளியின் கைபேசிக்குள் போனதும் அந்த இரண்டாவது நோட்டு மெல்ல மறைகிறது. தொழில்நுட்பம் இதைக் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து நெசவாளரின் பக்கத்தை அவருக்குத் திறந்துவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. செய்யும் மனம் வேண்டும். முன்பணத் தகராறு பாதி அங்கேயே அடங்கும்.

ஏட்டைத் தாங்கும் கட்டடமும் நிலையானதல்ல. சிறு தரவுகளை இணையத்தில் சேர்த்துவைக்க 2009-இல் கூகுள் தொடங்கிய ஃபியூஷன் டேபிள்ஸை 2019 டிசம்பரில் மூடினார்கள். ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் இயங்கிய ஆக்ஸஸ் வலைச் செயலிகளை மைக்ரோசாஃப்ட் 2018 ஏப்ரலில் நிறுத்தியது. அறிவிப்பு முன்கூட்டியே வந்தது, தரவை இறக்கிக்கொள்ள வழியும் இருந்தது. ஆங்கில மின்னஞ்சலைப் படிக்காதவருக்கு அந்த வழி இருந்தும் இல்லாததுதான்.

2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தவும் நிறைவுசெய்யவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. கணக்குப்பிள்ளை காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் 2019 மசோதாவில் இருந்த ஓர் உரிமை, தன் தரவைக் கணினி படிக்கும் வடிவில் வாங்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகும் உரிமை, இறுதிச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பியர்களுக்கு அது 2018 முதல் இருக்கிறது. அடுத்த திருத்தத்தில் நாடாளுமன்றம் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை வெண்ணந்தூர்த் தறிக்காரர் மாதம் ஒருமுறை தன் அட்டவணையை இறக்கி, தேதி போட்டு, பென்டிரைவில் வைத்துக்கொள்ளட்டும். கூலிப் பக்கத்தை அச்செடுத்து நெய்தவர் கையிலும் ஒன்றைக் கொடுக்கட்டும்.