மார்கழியில் கிரயம் குறையும், வேலை குறையாது

2025 பிப்ரவரி 10, தை மாதம் 28-ஆம் நாள். மறுநாள் தைப்பூசம். அந்த ஒரே நாளில் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 238 கோடி ரூபாய். இப்படிப்பட்ட முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை டோக்கன்களைக் கூட்டித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் 100-க்குப் பதில் 150, இருவர் இருந்தால் 200-க்குப் பதில் 300, நெரிசல் மிகுந்த 100 அலுவலகங்களில் வழக்கமான 12 தட்கல் டோக்கனோடு இன்னும் 4.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்கழியில், அதே அலுவலகங்களின் வாசலில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்காது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மனை வாங்க முடிவு செய்தவர்கள் கார்த்திகை முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். தவறினால் தை பிறக்கட்டும் என்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை ஏறக்குறைய முப்பது நாட்கள். இந்த நாட்களைக் கடத்த நம் தொழிலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புத்தாண்டுச் சலுகை என்று பிளெக்ஸ் அடித்து, வராத வாடிக்கையாளருக்காகச் சைட்டில் ஷாமியானா போடுவது. மற்றொன்று, கடையைப் பாதி மூடிவிட்டு சபரிமலைக்குப் போய் வருவது. இரண்டாவதில் புண்ணியமாவது உண்டு. முதலாவதில் செலவு மட்டுமே.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கையில் உள்ள நிலத்தையும் அதன் காகிதத்தையும் சரிபார்ப்பது. ஆடியும் மந்தமான மாதம்தான், ஆனால் ஆடியில் நிலம் காய்ந்து கிடக்கும், பார்த்தால் எல்லா மனையும் நல்ல மனை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மார்கழியில்தான் நிலம் தன் உண்மையைக் காட்டும். ஏரி மாவட்டம் என்றே பெயர் வாங்கிய பகுதி இது. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று பெரிய ஏரிகளும், அவற்றுக்கிடையே கலங்கலும் வாய்க்காலுமாகத் தொடர்ந்த சிற்றேரிகளும் கொண்ட நிலப்பரப்பின் மேல்தான் சிப்காட்டும் லேஅவுட்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றுக் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும் எல்லோரும் அறிந்த கதை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் அதையே நினைவூட்டிவிட்டுப் போனது. இரண்டுமே மார்கழிக்குச் சற்று முன்பு நடந்தவை. இப்படிப்பட்ட வெள்ளத்தின் சுவடு காம்பவுண்டுச் சுவர்களில் சேற்றுக் கோடாகச் சில வாரங்களாவது இருக்கும். சைட்டைச் சுற்றியுள்ள வீடுகளின் சுவரில் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளும் புரோக்கர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வாங்க வருபவரோ மாசியில் வருவார், அதற்குள் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.

வேலை எளிது. கையில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு மழை விட்ட ஒரு வாரத்துக்குள் போய் நிற்க வேண்டும். படத்தில் மெல்லிய கோடாக இருக்கும் வாய்க்கால் புறம்போக்கு, நிலத்தில் எங்கே ஓடுகிறது? தண்ணீர் அந்தக் கோட்டின் வழியாகத்தான் போகிறதா, அல்லது பக்கத்து லேஅவுட்காரர் மண் கொட்டி உயர்த்தியதால் நம் மனைக்குள் புகுகிறதா? கோரைப்புல் தழைத்த மூலை எது? நாற்பது அடி கண்டெய்னர் வண்டி திரும்ப வேண்டிய அணுகுசாலையில் களிமண் எவ்வளவு ஆழம்? இந்தப் பதில்களைத் தேதியோடு படமெடுத்து வைத்தால், தையில் விலை பேசும்போது அதைவிடப் பலமான ஆதாரம் இல்லை. லேஅவுட் போடத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். நீர்வளத் துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்துத் தடையின்மைச் சான்று கேட்கும்போது எழப்போகும் கேள்விகள் இவைதான். அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருப்பவர், மனைப்பிரிவு வரைபடத்தை இரண்டு முறை வரைவார்.

தண்ணீரைவிட ஆழமானது காகிதம்.

இந்தப் பகுதியின் நிலப் பதிவேடுகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வித்து. அடுத்த ஆண்டே, 1892-இல், அரசாணை வந்தது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே என்பது அதன் நிபந்தனை. அறிக்கை பிறந்த மாவட்டத்திலேயே இன்று நாம் தொழில் செய்கிறோம் என்பதைச் சில லேஅவுட்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1979-இல் தொடங்கிய யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுப் பணியில் நேர்ந்த பிழைகளும் சேர்ந்துகொள்ள, பழைய பதிவேட்டில் ஒரு வகைப்பாடும் புதியதில் வேறொன்றுமாக இருக்கும் புல எண்கள் இங்கே ஏராளம். மேய்க்கால், அனாதீனம், பஞ்சமி என்ற வார்த்தைகள் இன்றைய பட்டாவில் இருக்காது. யுடிஆருக்கு முந்தைய 'ஏ' பதிவேட்டில் இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டம் பீமந்தாங்கலில் நடந்தது இதற்குத் தக்க பாடம். நெடுஞ்சாலைக்காக எடுத்த நிலத்துக்குத் தனியாருக்கு இழப்பீடு போனது. பிறகு அந்த நிலம் அரசுக்குரிய அனாதீனம் என்று தெரியவந்து பட்டாக்கள் ரத்தாயின, விசாரணை சிபிசிஐடி வரை போனது. பட்டா கையில் இருந்தது, பத்திரம் இருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டும் பழக்கம்தான் இல்லை.

முகூர்த்த மாதங்களில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது என்பது உண்மை. வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்து, தாய்ப்பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்து, வழக்கறிஞரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு டோக்கன் போடுவதுதான் நடக்கிறது. மார்கழியில் அலுவலகங்களில் கூட்டம் குறைவு. கணினிக் காலத்துக்கு முந்தைய வில்லங்கத்துக்கு விண்ணப்பித்து வாங்கலாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டு நகல் கேட்கலாம், நிலுவையில் கிடக்கும் உட்பிரிவுப் பட்டாவுக்காக நில அளவையரை அழைத்துப் போய்க் கல் நடலாம். முழுப் புல எண்ணாக இருந்தால் கிரயத்தோடு பட்டா தானாக மாறிவிடும். உட்பிரிவு என்றால் அளவையர் நேரில் வந்தே ஆக வேண்டும். நம் பகுதியில் நடக்கும் மனை விற்பனையில் பெரும்பகுதி உட்பிரிவுதான். தையில் பத்திரம் பதிந்து ஆனி வரை பட்டாவுக்கு அலையும் வாடிக்கையாளர், அடுத்த வாடிக்கையாளரை நம்மிடம் அனுப்ப மாட்டார்.

அங்கீகாரமற்ற மனைகளின் பாடம் இன்னும் ஆறாத புண். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது வெறிச்சோடிய அலுவலகங்களை இந்தத் தொழிலில் பத்தாண்டு கடந்தவர்கள் மறந்திருக்க முடியாது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போடப்பட்டவற்றுக்கே அந்த வழி. அந்தத் தேதிக்குப் பின் பிரித்த மனையை வரன்முறை செய்து தருகிறோம் என்று இன்றும் வாக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரிவாக்கப்பட்ட அரசாணைக்குப் பிறகு, எந்த ஊருக்கு எந்த அலுவலகம் என்பதையும் புதிதாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ் விஷயத்திலும் இந்த மாதம் கொஞ்சம் ஒழுங்கைக் கொண்டுவரலாம். கார்த்திகையில் வாங்கி தையில் கிரயம் என்ற கணக்கில், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய உடன்படிக்கைகள் இன்னும் புழங்குகின்றன. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், பதிவு செய்த உடன்படிக்கை இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்கிறது. டிசம்பரோடு காலாண்டும் முடிகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களின் காலாண்டு விவரங்களை ஆணையத்துக்குத் தர வேண்டிய நேரமும் இதுவே. தணிக்கையாளரிடம் பொங்கல் முடிந்து போனால், அங்கே நமக்கு முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இதுவரை சொன்னது மனைக்காரர்களுக்கு. குடோன், ஷெட், வாடகை வீடு பார்ப்பவர்களுக்கு மார்கழி மந்தம் என்பதே ஒரு தோற்றம்தான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்கோ, ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்குக்கோ, ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டைம்லருக்கோ தை பிறப்பதும் பிறக்காததும் ஒன்றுதான். அவற்றின் தாய் நிறுவனங்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்காண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகள் புதிய ஆண்டின் கொள்முதல் திட்டத்தை வைத்துத்தான் ஷெட் தேடும். ஜனவரியில் விசாரிக்க வருபவர் முகூர்த்தம் கேட்பதில்லை. தரையின் தாங்குதிறன் எவ்வளவு, கூரை உயரம் எவ்வளவு, மின் இணைப்பு எத்தனை கேவிஏ, தீயணைப்புத் துறைச் சான்று உண்டா, கட்டடத்துக்கு முறையான திட்ட அனுமதி இருக்கிறதா என்றுதான் கேட்பார். கடைசிக் கேள்வியில்தான் நம் ஊர் ஷெட்டுகள் பல தோற்கின்றன. ஊராட்சி ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு எழுப்பிய கட்டடத்தைப் பன்னாட்டு நிறுவனத்தின் சட்டப்பிரிவு பார்த்த அன்றே பேச்சு முடிந்துவிடும். இண்டோஸ்பேஸ் போன்ற பூங்காக்கள் ஒரகடத்திலும் வல்லத்திலும் வாடகை கூடுதலாகக் கேட்டும் ஆள் பிடிக்கின்றன என்றால், அவர்களிடம் இந்தக் காகிதம் ஒரே கோப்பில் இருப்பதும் ஒரு காரணம்.

தொழிலாளர் குடியிருப்பில் இந்தப் பகுதி இரண்டு குளிர்காலப் பாடங்களைக் கற்றது. 2014 நவம்பர் 1-இல் நோக்கியா ஆலை மூடியது. டிசம்பர் கடைசியில் அதே வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே கம்பெனியின் ஆட்களை நம்பி மாடி மேல் மாடி எழுப்பியவர்கள் அடுத்த பொங்கலைக் காலி அறைகளோடு கொண்டாடினார்கள். அடுத்தது 2021 டிசம்பர். பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் உணவு நச்சானதால், அதற்குள் மீண்டும் இயங்கிவந்த ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை ஜனவரி 12 வரை மூடிக் கிடந்தது. அதன் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 அன்று, வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது.

தனியார் விடுதி நடத்துபவர்களும், அவர்களுக்குக் கட்டடம் பிடித்துக் கொடுப்பவர்களும் இப்போது போட்டி போடுவது அந்தத் தரத்தோடு. பொங்கல் விடுமுறையில் தென்மாவட்டப் பிள்ளைகள் ஊருக்குப் போகும் நாட்களில் கழிவறைக் குழாயும் மொட்டைமாடித் தொட்டியும் பழுது பார்க்கலாம். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும் உரிமமும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். லைன் வீடுகளுக்கும், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும் என்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களிடம் வாய்ப்பேச்சில் வாடகை வாங்குவது சுலபம்தான். பிரச்சினை வந்தால் அதே வாய்ப்பேச்சு வீட்டுக்காரருக்கும் உதவாது.

இனி, மார்கழியில் மட்டுமே கிடைக்கும் ஒரு வாடிக்கையாளர். அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்கு வருபவர்களில் பலருக்கு விடுமுறை டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது. அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான் தை பிறக்கும். வாங்கும் மனம் இருந்தும், அப்பாவோ அம்மாவோ மார்கழியில் வேண்டாம் என்று சொல்ல, வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். இதற்கு வழி இருக்கிறது. பவர் பத்திரத்தை யாரும் சுபகாரியமாகக் கருதுவதில்லை. எழுதிக்கொடுப்பவரும் முகவரும் நேரில் வந்து, கூட்டமில்லாத அலுவலகத்தில் மார்கழியிலேயே அதைப் பதிந்துவிட்டால், கிரயத்தைத் தை முகூர்த்தத்தில் ஊரிலிருப்பவர் முடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து தூதரகச் சான்றோடு அனுப்பும் பவரை, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்டு வாங்கும் அலைச்சல் இதில் இல்லை.

மூன்று எச்சரிக்கைகளை அவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. நகர விரிவாக்கத்தை எதிர்பார்த்து நஞ்சையை மனை என்ற பெயரில் காட்டும் வேலை இவரிடம் ஆகாது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் 50 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் என்ற வழக்கமான வரிப்பிடித்தக் கணக்கு பொருந்தாது. கூடுதல் விகிதத்தில் வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்று வேண்டுமென்றால் வருமான வரித் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும் என்பதால் தை முகூர்த்தத்தைக் குறிக்கும் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பவரைக் கொண்டு கிரயம் பதியும் நாளில், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவரின் உயிர்ச்சான்றும் கேட்பார்கள். அது அண்மைத் தேதியிட்டதாக இருக்க வேண்டும் என்பதால், டிசம்பரில் இங்கே வாங்கி வைத்தது பிப்ரவரியில் செல்லாமல் போகலாம். எந்தத் தேதிக்கு, அங்கே யாரிடம் வாங்கி அனுப்ப வேண்டும் என்பதை அவர் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.