அழிந்த கூடமும் அழியாத படமும்

அழகிய கட்டடமொன்றைக் கண்டதும் அதனைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அப்படமே அக்கட்டடம் இருந்தமைக்கு இறுதிச் சான்றாகிவிடுவதும் உண்டு. போலந்து நாட்டு யூதரின் மரத் தொழுகைக் கூடங்களின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில், பழைய போலந்து இராச்சியத்தின் சிற்றூர்களில் வாழ்ந்த யூதர் தம் தொழுகைக் கூடங்களிற் பலவற்றை மரத்தாற் கட்டினர். வெளியே அடுக்கடுக்கான கூரை. உள்ளே தலைநிமிர்ந்து பார்த்தால், விதானமெங்கும் விலங்கும் பூங்கொடியும் இராசிச் சின்னங்களும் எபிரேய எழுத்துக்களும் வண்ணங்களிற் பொலியும். குவோஸ்ஜெட்ஸ் என்னும் ஊரிலிருந்த கூடம் இவற்றுட் புகழ் பெற்றது. அவ்வூர் இன்று உக்ரேனில் உள்ளது.

முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், அலோயிஸ் பிரேயர் என்னும் வியன்னாக் கட்டடக்கலை மாணவர் இக்கூடத்தைப் படம் பிடித்தார். பின்னர், வார்சோத் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஒஸ்கார் சொஸ்னோவ்ஸ்கியின் தலைமையில் ஆசிரியரும் மாணவரும் ஊரூராகச் சென்று, எஞ்சிய கூடங்களை அளந்து வரைந்தனர். சீமோன் சாய்ச்சிக் என்னும் யூதக் கலை வரலாற்றறிஞர் அவற்றைப் படம் பிடித்தார்.

1939 செப்ரெம்பரில் வார்சோ முற்றுகையிடப்பட்டபோது சொஸ்னோவ்ஸ்கி காயமுற்று உயிர் நீத்தார். சாய்ச்சிக்கை நாசிகள் கொன்றனர். போலந்தின் மரக் கூடங்களும் அப்போரில் அழிந்தன. அவற்றுள் நின்று தொழுதோரிற் பெரும்பாலோர் கொன்றொழிக்கப்பட்டனர். எனினும், படங்களிலும் வரைபடங்களிலும் ஒரு பகுதி தப்பியது. அவற்றைக்கொண்டு மரியா, கசிமியேர்ஸ் பியெஹோட்கா தம்பதியர் 1957இல் ஒரு நூல் வெளியிட்டனர்.

காலம் சென்றது. குவோஸ்ஜெட்ஸ் கூடத்தின் கூரையையும் விதானத்தையும் மீண்டும் அமைக்கப் பல நாட்டுத் தொண்டர்கள் முன்வந்தனர். பழங்காலக் கைக்கருவிகளாலேயே மரத்தைச் செதுக்கினர். விதானத்தின் உருவங்களுக்குப் பிரேயரின் படங்கள் வழிகாட்டின. அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். நிறத்துக்கு என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இசிடோர் கௌஃப்மன் என்னும் ஓவியர் அக்கூடத்தின் உட்புறத்தைத் தீட்டியிருந்தார். அவ்வோவியம் நிறங்களுக்குச் சான்றாயிற்று. உண்மை அளவிற் சற்றுக் குறைந்த அவ்விதானத்தை, வார்சோவில் 2014இல் முழுமையாகத் திறக்கப்பட்ட யூத வரலாற்று நூதனசாலையிற் காணலாம். அதன்கீழ் இன்று நிற்போர் பார்வையாளர். அன்று அங்கே ஒலித்த வேண்டுதற் குரல்களை எந்தப் படத்தாலும் மீட்க முடியாது.

ஆயினும், அந்த மாணவர் அன்று முகப்பை மட்டும் படமெடுத்துத் திரும்பியிருந்தால் இவ்விதானமும் மீண்டிராது. பழைய கட்டடமொன்றைப் படம் பிடிக்கச் செல்வோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. அழகிய முகப்போடு நில்லாது, விதானத்தையும் மூலைகளையும் மரப் பொருத்துகளையும் எடுங்கள். உயரம் தெரிய ஓர் அளவுகோலை அருகே வையுங்கள். படத்தின் பின்புறத்தில் ஊரும் நாளும் எழுதுங்கள். கட்டடம் உறுதியாக நிற்கும் காலமே இவ்வேலைக்கு உரிய காலம்.