தூரத்தை நீட்டியவர் யார்?

தோழர்களே! படத்தை விரித்து வையுங்கள், அளவுகோலை எடுங்கள். மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி. யாழ்ப்பாணத்துப் பலாலியில் மற்றொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் நீளம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். பழைய கணக்கில் 220 மைல். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையைவிடக் குறைந்த தொலைவு!

மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கவல்ல சிறு விமானத்துக்கு இது முக்கால் மணி நேரத்து வேலைதானே என்று கேட்பீர்கள். கணக்கு சரி; பயணம் அப்படியன்று. தரையில் ஊர்ந்து, உயரம் ஏறி, வேகம் தணிந்து, முறைப்படி இறங்கவும் நேரம் வேண்டுமல்லவா? ஆகவே ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. அதனைக் குறை கூறோம். அது இயற்கையும் இயந்திரமும் விதித்த நேரம்.

அரசியல் விதித்த நேரத்துக்குக் கணக்குக் காட்டுவோர் யார்? நாம் கேட்பது அதுதான்.

1947 டிசம்பர் 10-ஆம் நாள், ஏர் சிலோன் தனது முதற் பயணத்தை இரத்மலானையில் தொடங்கி, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. அன்றே திறந்த வழி இது! பின்னர் அச்சேவை நின்றது, போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று. அதன்பின் யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், கட்டுநாயக்கவுக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பறந்து, பாதை திறந்திருந்த காலங்களில், 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வந்தார். 355-க்குப் பதிலாக ஏறத்தாழ 1,000!

கடல் அகலவில்லை, கரை விலகவில்லை. கதவு அடைபட்டது, தூரம் வளர்ந்தது.

2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை வந்தது. 2020-இல் கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. மீண்டும் விமானம் இறங்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதை நீள வேண்டும் என்கிறார்கள். நீளட்டும், வேண்டாமென்று எவர் சொன்னார்? ஆனால், அந்த ஓடுபாதையைச் சூழ்ந்திருப்பது வலிகாமம் வடக்கின் செம்மண். 1990-இல் போரால் அங்கிருந்து பெயர்க்கப்பட்ட உழவர்களில் பலர், தம் நிலத்துக்குத் திரும்பப் பல்லாண்டு காத்துக் கிடந்தனர். பயணிக்கு அரை மணி நேரம் மிச்சப்படுத்த, உழவனின் தலைமுறையையே செலவிடுவது வளர்ச்சியாகாது. நிலத்துக்கு உரியவனின் இசைவும், உரிய ஈடும் முதலில். கல்லும் தாரும் பிறகு.

எனவே தோழர்களே, “ஒன்றேகால் மணி நேரந்தான்” என்று எவரேனும் பெருமை பேசினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள்? எளியவன் ஏறத்தக்க கட்டணமா? எவருடைய நிலத்தின்மீது?

பறக்கும் நேரத்தை விமானி சொல்வார். காத்திருந்த ஆண்டுகளின் கணக்கை மக்கள்தாம் கேட்க வேண்டும், நாம் கேட்போம்!