அன்னைக்கும் ஓர் இலை

ஆகஸ்டு 5, பனிமய அன்னையின் பெருவிழா. வளைகுடா நாடுகளிலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுப்பெடுத்துத் தூத்துக்குடி வரும் பிள்ளைகளுக்கு, ஒரு மாலையேனும் குடும்பத்தோடு உணவு விடுதிக்குப் போகாமல் திரும்ப மனம் வராது. இவ்வூரில் பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்றே பெயர்; வெளியூர் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். பொரித்த பரோட்டாவும் சால்னாவுமே அங்கு நடைபெறும் கேளிக்கை!

"வீட்டுச் சமையலைவிடக் கடைச் சாப்பாடு பெரிதா?" என்று பெரியோர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறோம். நியாயமே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். மகன் பத்து நாள் விடுப்பில் வந்தால், பத்து நாளும் தாய் அடுப்படியிலேயே நிற்கிறாள்; அனைவருக்கும் பரிமாறியபின் தனியே உண்கிறாள். பெத்தானியா விருந்திலும் லாசர் ஆண்டவரோடு பந்தியில் அமர்ந்திருக்க, மார்த்தா பணிவிடை செய்தாள் என்றே அருளப்பர் எழுதுகிறார். கடையிலோ அவளும் அமர்கிறாள். அவளது இலையிலும் பிறர் சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மகனின் முகம் பார்த்து அவள் உண்ணும் வேளை ஆண்டில் அது ஒன்றேயாக இருக்கலாம்.

ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு விருப்பமானவற்றைச் சொல்லிவிட்டு, "அம்மா எதுவானாலும் சாப்பிடுவார்கள்" என்று முடித்துவிடாதீர்கள். அவளைக் கேளுங்கள். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்பாள், மீண்டும் கேளுங்கள். உணவு வந்ததும், பக்கத்து மேசைக்காரர் பார்ப்பாரே என்று கூசாமல் சிலுவை அடையாளம் வரைந்து உண்ணத் தொடங்குங்கள். காலை இட்லிக்கு மாவரைக்க வேண்டுமே என்று அவள் எழப் பார்த்தால், இன்னொரு தேநீர் வரவழைத்து இருத்திக்கொள்ளுங்கள்.